அரை மாத்திரை தாமதம்

7-1-1963, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா தெருமுனை அடிபம்பில் நான்கு குடம் பிடித்து வைத்திருந்தாள். எட்டரைக்கெல்லாம் ஸ்டூடியோவில் இருந்தேன்.

டைரக்டர் பரசுராமன் தன் படத்தின் ஹோட்டல் பாட்டுக்கு டாப் நடனம் வேண்டும் என்கிறார். பூட்ஸின் அடியில் தகடு அடித்துக்கொண்டு, தரையையே மத்தளமாக்கி ஆடுகிற வெள்ளைக்கார ஆட்டம். இதுவரை இப்படிக் காட்சி வந்தால் நான் மேஜைமேல் கொட்டாங்கச்சியைத் தட்டி ஒலி சேர்த்துவிடுவேன். பதினான்கு வருஷமாக ஒலிப்பதிவு செய்கிறவன், யாரும் குறை சொன்னதில்லை. இவர் மட்டும், “ஏகாம்பரம், உன் கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாத்தான்யா கேக்குது” என்றுவிட்டார்.

அதற்காக ஒரு பெண்ணை அழைத்திருக்கிறார்கள். பெயர் அமலோற்பவம். அமலி என்று கூப்பிடுகிறார்கள். கோலார் தங்கவயல்காரி, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அடிகளை அமைப்பது, எட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, காலடி ஓசையைப் பதிவுக்கு ஆடிக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. கதாநாயகி கனகதாராவின் முகத்தைக் காட்டிவிட்டுக் காலைக் காட்டும்போது அதுவும் இவள் காலாகத்தான் இருக்கும். டைட்டிலில் நடனம் என்ற இடத்தில் மாஸ்டர் ஜெயராமுலுவின் பெயர் வரும்.

வந்ததும் வராததுமாக எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் சிமெண்ட் தரையைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். “இந்தத் தரை பேசாது சார். முட்டியும் போயிடும். பலகை வேணும்” என்றாள். ஆசாரிகள் கொட்டகைக்கே போய், ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். புதுத் தேக்கு வேண்டாமாம். எப்போதோ கலைத்துப் போட்ட அரண்மனை செட்டின் கதவைத் தேர்ந்தெடுத்தாள். அதை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவின்மேல் ஏறி ஒரு நிமிஷம் ஆடிக் காட்டினாள். அந்த ஒரு நிமிஷமும் நான் மீட்டரில் முள்ளைப் பார்க்க மறந்துபோனேன். பதிவு வீணாயிற்று. இரண்டாம் முறை ஒழுங்காக எடுத்தேன்.

8-1-1963, செவ்வாய்

கதவுக்கு அடியில் நான்கு மடிப்புக் கோணி போட்டேன். ஒலி சுத்தமாக வருவதற்காகச் செய்தது. முட்டிக்கும் இதமாக இருக்கிறதாம்.

11-1-1963, வெள்ளி

எட்டுப் பெண்களும் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். பூட்ஸ் போட்டதும் சேற்றில் நடப்பதுபோல் நடந்தார்கள். ஜெயகௌரி என்ற பெண் பத்தாவது நிமிஷத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அமலி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவில்லை. ஜெயகௌரியின் பக்கத்தில் போய் நின்று, “காலைல இன்னா சாப்ட்ட?” என்று கேட்டாள்.

“இட்லி.”

“வாயால சொல்லாத. காலால சொல்லு. இட்... லி.”

முன்பாதம், குதிகால். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். இட்-லி. அப்புறம் கெட்டிச் சட்னி. அப்புறம் காப்பி, காப்பி, காப்பி. அரை மணியில் எட்டுப் பேரும் ஓட்டல் பலகாரம் முழுவதையும் காலால் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஜெயராமுலு மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்ததாகத் தெரியவில்லை.

கடினமான அடி வந்தால் அவள் ஆடிக் காட்டுவதில்லை. பெண்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தட்டுகிறாள். “கண்ணால பாத்தா காலு காப்பியடிக்கும். காதால கேட்டாத்தான் கத்துக்கும்” என்கிறாள். பதினான்கு வருஷத்தில் காதைப் பற்றி யாரும் என் எதிரில் இவ்வளவு மரியாதையாகப் பேசிக் கேட்டதில்லை.

16-1-1963, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது என்று அக்கா சொன்னாள். அத்தான் இறந்து அவள் என்னோடு வந்ததிலிருந்து இது ஏழாவது இடம். பிப்ரவரி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். சரி என்றேன்.

“ஸ்டூடியோல என்ன விசேஷம்?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

19-1-1963, சனி

இன்று ஒத்திகையைப் பதிந்தபோது ஒன்று கவனித்தேன். அமலியின் இடது கால் மிகக் கொஞ்சம் பிந்தி இறங்குகிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஹெட்போனில் எனக்குத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

21-1-1963, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒயர் எடுக்கப் பொருள் அறைக்குப் போனேன். அமலி ஒரு பக்கெட் வெந்நீரில் இடது காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“உங்களுக்குத் தெரியும்ல சார்?” என்றாள்.

“சனிக்கிழமையிலேர்ந்து தெரியும்.”

பாதத்து எலும்பில் கீறல் விட்டிருக்கிறதாம். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஹோட்டல் செட்டோ பிப்ரவரி பாதி வரைக்கும்தான் நிற்கும். அதற்குப் பிறகு கனகதாரா வேறு படத்துக்குப் போய்விடுவார்.

“சொல்லிடலாமே. பரசுராமன் நல்ல மனுஷன்” என்றேன்.

“நல்ல மனுஷந்தான். பாவம்னு சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. நீங்க மறுபடி கொட்டாங்கச்சிய எடுப்பீங்க.”

பிறகு அவளாகவே சொன்னாள். அவளுடைய அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. அம்மா அங்கிருந்த வெள்ளைக்காரர் கிளப்பில் ஆயா. “சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மிஸ்ஸி இன்ஜினீயருங்க புள்ளைங்களுக்கு டாப் சொல்லித் தருவாங்க. ஆயா புள்ளைங்க பின்பக்கம் உக்காரணும். ஜன்னல் உசரம். அஞ்சு வருசம் கேட்டேன் சார், பாத்ததே இல்ல. கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து போட்டுப் பாப்பேன். அப்பாவோட பழைய பூட்ஸ்ல சோடா மூடி அடிச்சு வெச்சிருந்தேன். பன்னெண்டு வயசுல ஒரு நாள் கிளப்புக் கதவு தொறந்திருந்துச்சு. அன்னிக்குத்தான் தெரிஞ்சது, கையையும் ஆட்டுவாங்கன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பதினாறு வயதில் பெங்களூர் கண்டோன்மெண்ட் ஓட்டல் மேடை. பிறகு மூன்று வருஷம் சர்க்கஸில், யானை உள்ளே போய் ஊஞ்சல்காரர்கள் வருவதற்கு இடைப்பட்ட நான்கு நிமிஷம். பிறகு கோடம்பாக்கம். பதினோரு வருஷம் கும்பல் நடனத்தில் கடைசி வரிசை.

“நான் கட்டுன அடிய எட்டுப் பேரு ஆடுறது இதான் சார் முதல் தடவ” என்றாள்.

நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இது ஒலிப்பதிவு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

24-1-1963, வியாழன்

இறுதிப் பதிவு. பாட்டு முன்பே எடுத்தாயிற்று. அதைக் கேட்டுக்கொண்டே அமலி தனியாக இரண்டு முறை ஆடினாள். இரண்டாவது முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

முதல் பதிவில் இடது கால் நாற்பத்தொரு இடத்தில் பிந்துகிறது. மத்தியானம் கூடத்தைச் சாத்திக்கொண்டு சவர பிளேடை எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் முன்னால் நூலளவு டேப்பை வெட்டி, அதையே பின்னால் ஒட்டினேன். இருபது இடம் முடிந்தது. மீதி நாளை. இதுவரை யாருக்கும் இந்த வேலையைச் செய்ததில்லை.

25-1-1963, வெள்ளி

பதினொரு மணிக்கு முடித்தேன். ஒரு பிசிறு இல்லை. கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். “யாரு சார் இது?”

“நீங்கதான்.”

“நான் இல்ல. எனக்கு இவளத் தெரியாது.” எழுந்துவிட்டாள். “என் காலு லேட்டா வந்தா அது என் லேட்டு. நாளைக்கு எல்லாரும் கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. நான் யாரைச் சொன்னதா எடுத்துக்கறது? பிளேடைச் சொன்னதாவா?”

“உதவியா இருக்கும்னுதான்...”

“கேட்டுட்டுச் செய்யணும் சார்.”

போய்விட்டாள். படிகளில் வலது கால் சத்தம் மட்டும் கேட்டது. அவள் சொன்னது சரி.

26-1-1963, சனி

குடியரசு தினம், விடுமுறை. அக்காவோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். எதிர்வீட்டு ரேடியோவைப் பழுதுபார்த்தேன். பழுதே இல்லை, பிளக்கைச் சரியாகச் சொருகவில்லை. நாள் நகரவே இல்லை.

28-1-1963, திங்கள்

வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னாலேயே வந்து கூடத்து வாசலில் நின்றிருந்தாள்.

“வெட்டாத டேப்பு இருக்கா சார்?”

இரண்டாவது பதிவை நான் தொடவில்லை. போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். பதினொரு முறை போட்டேன்.

“சார், ஒவ்வொரு தடவையும் எவ்ளோ பிந்துது?”

“அரை மாத்திரை. எல்லா இடத்துலயும் அதே அரை மாத்திரைதான்.”

“எல்லா எடத்துலயும் ஒரே அளவா?”

“நாற்பத்தொரு இடத்தை அளந்தவன் சொல்றேன்.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “அப்ப அது தப்பு இல்ல சார். அது தாளம்.”

நொண்டிக்கொண்டே ஓடினாள். எட்டுப் பெண்களையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். “இட்லி வருது. உடனே வாயில போட்டுக்காத. சூடா இருக்கு, ஊது. இப்ப போடு!” வலது கால் இறங்கியதும் இடது கால் காற்றில் ஒரு கணம் காத்திருந்து இறங்க வேண்டும். முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. ஒருத்தி சீக்கிரம், ஒருத்தி ரொம்ப நேரம் கழித்து. அமலி நாற்காலியில் உட்கார்ந்து கையால் மேஜையில் தட்டித் தட்டி ஒவ்வொருத்தியையும் நிறுத்தி வைத்தாள். நான்கு மணி வாக்கில் எட்டு இடது காலும் சேர்ந்து காத்திருந்து, சேர்ந்து இறங்கின.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போய், அப்புறம் மெதுவாகத் தரை கிடைப்பதுபோல் இருந்தது. சினிமாவில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

போகும்போது, “நான் டேப்பை வெட்டினது தப்புங்க” என்றேன்.

“தப்புதான். ஆனா நீங்க வெட்டலன்னா நான் உக்காந்து கேட்டிருக்க மாட்டேன்” என்றாள்.

31-1-1963, வியாழன்

எட்டுப் பேரின் காலடியையும் சேர்த்துப் புதிதாகப் பதிந்ததை டைரக்டர் கேட்டார். “என்னய்யா, நொண்டுது?” என்றார். இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை அவர் தொடையில் தாளம் போட்டார், இடது கை பிந்தி விழுந்தது. “இதுதான்யா. இதுதான்” என்றார்.

அப்போதுதான் அமலி காலைப் பற்றிச் சொன்னாள். ஒரே கூச்சல். ஒலி இருக்கிறது, சரி, குளோசப்பில் காட்டக் கால் எங்கே?

“கனகதாராம்மாவே ஆடட்டும். நான் சொல்லித் தர்றேன்.”

கனகதாரா பாதம் தெரிய ஒரு படத்திலும் நடித்ததில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

3-2-1963, ஞாயிறு

காஞ்சிபுரம் போகவில்லை. கனகதாராவின் பயிற்சிக்கு மைக் தேவைப்பட்டது. பயிற்சிக்கு மைக் எதற்கு என்று அக்கா கேட்டாள். பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன்.

கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். மைக்கை மூட மறந்துவிட்டேன்.

கனகதாரா வெகுநேரம் பூட்ஸைத் தொடவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், “சிரிக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. சின்ன வயசுல செங்கச் சூளையில மண்ணு மிதிச்ச காலு இது. விரலெல்லாம் விரிஞ்சு, பாளம் பாளமா வெடிச்சு... கேமராகாரன் பாத்தா என்ன நெனைப்பான்?” என்றார்.

பிறகு அமலியின் குரல்: “எவ்ளோ அகலமான பாதம்! நல்லா ஊனும். இந்தக் காலு எனக்கு இருந்தா எலும்பு கீறல் விட்டிருக்காதும்மா. மண்ணு மிதிச்சீங்களா? எப்டி மிதிப்பீங்க, மிதிச்சுக் காட்டுங்க.”

கதவின்மேல் வெறுங்காலின் ஓசை கேட்டது. மெதுவாக, கனமாக, ஒரே சீராக. அமலி அதன்மேல் தன் கையால் தட்டித் தாளம் சேர்த்தாள். கனகதாரா சிரிக்கும் சத்தம் கேட்டது. படங்களில் வரும் சிரிப்பு இல்லை.

அப்போது மைக்கை மூடினேன். அவர் சொன்னதை இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் சொல்ல மாட்டேன்.

12-2-1963, செவ்வாய்

ஒன்பது நாள் பயிற்சிக்குப் பிறகு படப்பிடிப்பு. கனகதாராவின் சொந்தக் கால். நான்காவது டேக்கில் ஓகே. அமலி கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இனி அவள் கால்கூடப் படத்தில் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் வருத்தப்படுகிறவளாகத் தெரியவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்க்கும் தாய்போல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

13-2-1963, புதன்

அமலிக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி வேண்டியிருந்தது. அந்த வழியாக எனக்கும் வேலை இருந்தது.

29-3-1963, வெள்ளி

மார்ச் மாதம் எழுத ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை அமலியின் வீடு இருக்கும் பெரம்பூர்ப் பக்கம் போனேன்.

இன்று டைட்டில் எழுதும் அறைக்கு மாஸ்டர் ஜெயராமுலு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ‘நடனம்: ஜெயராமுலு’ என்று எழுதியிருந்த அட்டைக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். டாப் நடன அமைப்பு: கோலார் அமலோற்பவம்.

ஆர்ட்டிஸ்ட் தயங்கினார். “உங்க பாட்டுக்கு உங்க பேர் மட்டும் போதாதா மாஸ்டர்?”

“போதும்னுதான் நானும் நெனச்சேன்” என்றார் ஜெயராமுலு. “நாலு நாளா வீட்ல அந்த அடியப் போட்டுப் பாக்கறேன்யா. முப்பது வருஷமா ஆடற காலு. எவ்வளவு சொன்னாலும் என் இடது காலு கரெக்டா வந்துடுது. எழுதுங்க, எழுதுங்க.”

வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே போய்விட்டார். அவரைப் பற்றி இத்தனை நாள் நான் நினைத்திருந்ததை இங்கே எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

14-4-1963, ஞாயிறு

சித்திரை முதல் நாள், படம் வெளியீடு. எட்டுப் பெண்கள், அமலி, நான், எல்லாரும் ஒரே வரிசையில். அமலிக்குக் கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது.

டைட்டில் இசையோடு காலடி ஓசையைச் சேர்த்திருந்தேன். பெயர் திரையில் வந்ததும் ஜெயகௌரி கத்தினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அமலி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பேர் வந்துதே, பாக்கலையா?”

“நீங்க பாத்தீங்கல்ல? அது போதும். சத்தம் நல்லாருக்கு சார்.”

ஹோட்டல் பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொல்லி ஒரே கலாட்டா. போட்டார்கள். கனகதாராவின் பாதம் திரை முழுக்க வந்தபோது பின்னால் ஒருவர், “அடேயப்பா!” என்றார். இடைவேளையில் முறுக்கு வாங்க நின்றிருந்தவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் உட்பட, அந்த அடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு வரவில்லை. அமலி கூட்டத்துக்குள் போய் அந்தப் பெரியவரின் பக்கத்தில் நின்று, “அவசரப்படாதீங்க ஐயா, காலத் தூக்கி வெச்சுக்கங்க, இப்ப எறக்குங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். அவருக்கு வந்துவிட்டது. இவள் யார் என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

5-5-1963, ஞாயிறு

அமலியின் வகுப்பு இன்று ஆரம்பம். பெரம்பூரில் ரயில்வேக்காரர்கள் கூடும் மண்டபம், மரத்தரை. இரண்டு படங்களுக்கு நடனம் அமைக்க அவளைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் தனி டைட்டில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

பதினேழு பேர் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள், ஒரு தபால்காரர், நாற்பத்தைந்து வயதில் ஒரு நர்ஸம்மா. எட்டுப் பேரில் ஐவர் உதவிக்கு. வந்தவர்களை நடக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஒவ்வொருவருக்கும் எந்தக் கால் பலம் என்று சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த மண்டபத்தில் அவளைப் பார்த்தபோது, கடைசி வரிசையில் பதினோரு வருஷம் இவளை எப்படி நிற்க வைத்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. அந்தப் படங்களில் சிலவற்றுக்கு நான்தான் கொட்டாங்கச்சி தட்டினேன் என்பதும் ஞாபகம் வந்தது.

நான் கிராமபோனைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போனதும் ஊசியை எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏகாம்பரம் சார்.” முதல் முறையாகப் பெயர் சொன்னாள். “நாலு மாசமா நான் பேசுறதெல்லாம் கேக்குறீங்க. நீங்க ஒண்ணும் பேச மாட்டீங்களா?”

கையிலிருந்த டப்பா விழுந்து ஊசிகள் சிதறின. இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். குனிந்தபடியே, “அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்” என்றேன்.

“எதுக்கு?”

“அக்காவுக்கு உங்களை அறிமுகம் பண்ணணும்.”

“எதுக்கு?” மறுபடியும் கேட்டாள். விடவே மாட்டாள் போலிருந்தது.

சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவள் கடைசி ஊசியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். “வேல விடமாட்டேன். ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போவேன், அப்புறம் இங்க வந்துடுவேன். அதெல்லாம் மாறாது. மொதல்ல உங்க அக்காகிட்ட சொல்லுங்க. அவங்க சரின்னா வர்றேன்.”

6-5-1963, திங்கள்

காலையில் அக்கா காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். பெயர், ஊர், வேலை, மதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அக்கா ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“உனக்கு ஒண்ணும் கேக்கத் தோணலையா?” என்றேன்.

“ஜனவரியிலேர்ந்து ஸ்டூடியோவப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசல. அதுக்கு முன்னாடி ஒயரு அறுந்தாக்கூட வந்து சொல்லுவ. போன வாரம் எதிர்வீட்டம்மாவோட போய்ப் படத்தப் பாத்துட்டு வந்தேன். அந்தப் பேரையும் பாத்தேன்.” டம்ளரை என் முன்னால் வைத்தாள். “அப்பா இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டார். அத நெனச்சா எனக்கு மனசு சங்கடமாத்தான் இருக்கு. அது என் சங்கடம், நான் பாத்துக்கறேன்.”

காப்பியைக் குடித்தேன்.

அக்கா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

“என்ன சாப்பிடும் அந்தப் பொண்ணு?”

“மீன்னா ரொம்பப் பிடிக்கும்.”

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அக்கா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“எதிர்வீட்டம்மா நல்லா வெப்பாங்க” என்றாள். “சொல்லி வாங்கிக்கறேன். நீ தனியா ஒரு தட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடு. பெருசா இருக்கட்டும்.”